சட்டத்துக்குள் ஒரு குறட்டை

அழிந்துகொண்டிருக்கும் எழுத்துகளைப் படமெடுத்துச் சேமிக்கிறோம் என்று சென்ற ஆண்டு ஓர் ஆராய்ச்சி மாணவி என் வீட்டுக்கு வந்தாள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் எங்கள் வழக்கத்தைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள். அரபுத்தமிழ் என்றாள், அர்வி என்றாள், பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உங்ககிட்ட என்ன மாதிரி பிரதி இருக்கு மேடம்? மார்க்க நூலா, வைத்தியமா, பாட்டா?"

"குறட்டை இருக்கு" என்றேன்.

கையுறையைக் கழற்றலாமா வேண்டாமா என்று அவள் யோசித்த அந்த ஒரு நொடிக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், தாராவியில், மச்சானின் தோல்பை தைக்கும் கார்கானாவுக்கு மேலே, ஓர் இரும்பு ஏணி ஏறினால் எங்கள் வீடு. வீடு என்றால் பரண். நிமிர்ந்து நிற்க நடுவில் ஒரு கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டை விட்டு நகர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். கீழே நாள் முழுக்கத் தோல் வெட்டும் சத்தம், தையல் மிஷின், பசை வாசனை. பசை வாசனை ஏணியில் ஏறி வந்து எங்களோடு சோறு தின்னும். ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியர் கப்பலில் வந்தது என்று என் ஆபீஸ் ஹெட்கிளார்க் சொல்வார். சொல் வந்துவிட்டது, எங்கள் பரணுக்கு ஜன்னல்தான் வந்து சேரவில்லை.

நான் குர்லாவில் சின்னம்மா முறையான சாச்சி வீட்டில் வளர்ந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, டைப் அடிக்கக் கற்று, மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தாராவியிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டினால் ஆபீஸ் என்பதால் லாத்தா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். லாத்தா என் அக்கா, மச்சானின் மனைவி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். திருநெல்வேலிச் சீமையின் கடலோர ஊரில் உம்மாவோடு வளர்ந்தவள். அங்கே பெண்பிள்ளைகள் ஓதும் பள்ளியில் அரபு எழுத்தைக் கற்று, அந்த எழுத்திலேயே தமிழை எழுதப் பழகியவள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. அவள் எழுத்து எனக்குத் தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே மொழியில் சண்டை போட்டு, ஆளுக்கொரு எழுத்தில் ஊமையாக இருந்தோம். அவள் வலமிருந்து இடமாகப் போவாள், நான் இடமிருந்து வலமாக வருவேன். நடுவில் எங்காவது முட்டிக்கொள்வோம்.

உம்மாவுக்கு லாத்தா வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். தபால்காரருக்குப் புரிய வேண்டுமே, அதனால் உறையின் மேல் விலாசம் என் வேலை. உறைக்கு வெளியே நான், உள்ளே அவள். "என்ன எழுதுன?" என்று கேட்டால், "உறைக்கு வெளியில உள்ளவளுக்கு உள்ள என்ன சோலி?" என்பாள்.

அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்தின் தலையிலோ காலிலோ கூடுதலாகப் புள்ளி வைத்துக்கொள்வார்கள். மேலும் கீழும் சின்னக் குறிகள் போட்டால்தான் அ, இ, உ என்ற ஓசைகள் பிரியும். லாத்தா அவசரக்காரி. குறிகளைப் பாதிக்கு மேல் விட்டுவிடுவாள். "உம்மாக்கு வெளங்கும்" என்பாள். உம்மாவுக்கு விளங்கிற்று. குறிகளோடு மட்டுமே ஓதப் பழகிய மச்சானைப் போன்ற ஆண்களுக்கு அது மொட்டை மரக் காடு.

அந்த மழைக்காலம் முடிந்த கையோடு ஊரிலிருந்து மச்சானுக்குச் செய்தி வந்தது. மாமி வருகிறார். லாத்தாவின் மாமியார், மச்சானைப் பெற்றவர். ஒரு மாதம் தங்குவார்.

லாத்தா அன்று மதியமே என் ஆபீஸ் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தலைப்பில் எங்கள் வழக்கப்படி பிஸ்மில்லாவுக்கு ஈடாக 786 என்று போட்டு, உம்மாவுக்கு எழுதத் தொடங்கினாள். பக்கம் நிறைந்த நேரத்தில் தெருவில் "பானி ஆயா!" என்று கத்தல். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் தாராவியில் பிரசவத்தைக்கூட ஒத்திவைப்பார்கள். லாத்தா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏணி இறங்கும் ஓட்டை திறந்து கிடந்தது.

திரும்பி வந்தபோது தாள் இல்லை. நான் எடுத்துத் தபாலில் போட்டிருப்பேன் என்று அவள் நினைத்தாள். அவளே யாரிடமாவது கொடுத்து விலாசம் எழுதி வாங்கியிருப்பாள் என்று நான் நினைத்துக் கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. சின்னப் பரணில் இரண்டு பேர் பேசாமல் இருப்பதும் ஒரு வித்தைதான். மூன்றாம் நாள் பேசிக்கொண்டபோது இருவரும் போடவில்லை என்று தெரிந்தது. "எலி இழுத்திருக்கும்" என்றாள் லாத்தா. நிம்மதியாகத்தான் சொன்னாள்.

நான்காம் நாள் டீக் கெட்டிலோடு ஏணி இறங்கியவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். நான் மேலே இருந்து அவளுடைய உச்சந்தலையைத்தான் பார்த்தேன். உச்சந்தலையே வெளுத்த மாதிரி இருந்தது.

கார்கானா வாசலுக்கு மேலே, உள்பக்கம், எல்லோர் கண்ணும் படும் இடத்தில், பச்சை வெல்வெட்டும் சரிகைக் கரையும் வைத்த கண்ணாடிச் சட்டத்துக்குள் லாத்தாவின் கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஊதுவத்தி.

நடந்தது இதுதான். தோல் வெட்டும் உஸ்தாத் உத்தரப் பிரதேசத்துக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. அரபு எழுத்து இருக்கிற தாள் தரையில் கிடக்கக் கூடாது, காலில் படக் கூடாது என்பது மட்டும் பால்குடியிலிருந்தே தெரியும். தோல் துணுக்குகளுக்கு நடுவில் அந்தத் தாளைப் பார்த்ததும் பதறி எடுத்து, முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, "தோபா தோபா, பைர் கே நீச்சே ஆ கயா" என்று காலடியில் கிடந்ததற்கு நூறு முறை மன்னிப்புக் கேட்டு, மச்சானிடம் நீட்டியிருக்கிறார். மச்சான் 786ஐப் பார்த்தார். அதற்குக் கீழே வரிவரியாக மணியான கையெழுத்தைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "ஊப்பர் ஸே" என்று உஸ்தாத் மேலே கையைக் காட்டினார். உண்மைதான். மேலேயிருந்துதான் இறங்கியது.

மனைவியின் கையெழுத்து மச்சானுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவளுடைய கையெழுத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பெண்கள் தாய்வீட்டுக்கு எழுதுவது மடித்த உறையாகத்தான் ஆண்கள் கண்ணில் படும். குர்லாவில் படங்களுக்குக் கண்ணாடி போடும் சட்டக்காரரிடம் கொடுத்து நாலே நாளில் மாட்டிவிட்டார். அந்த வாரமே செம்பூர் கடைக்காரர் ஒருவர் இருநூறு கைப்பைக்கு ஆர்டர் சொல்ல, எல்லாம் அதன் பரக்கத், அதன் அருள் என்று முடிவாகிவிட்டது.

பரணில் வைத்து லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி, அதுல என்னெல்லாம் எழுதிருக்கேன் தெரியுமா?"

"உறைக்கு வெளியில உள்ளவளுக்கு..."

"மூடிட்டுக் கேளு. மாமி வாராவ, ஒரு மாசமாம், எனக்கு இப்பவே காய்ச்சல் அடிக்கின்னு எழுதிருக்கேன். போன தடவை தட்டுல மீன் துண்டை எண்ணுனாவன்னு எழுதிருக்கேன். குறட்டை விட்டா கீழ மிஷினெல்லாம் வெக்கப்பட்டு நின்னுருதுன்னு எழுதிருக்கேன். சோத்தைத் தொட்டுப் பாத்து, இது சோறா பசையான்னு கேட்டாவல்லா, அதையும் எழுதிருக்கேன்."

"வேற?"

அவள் என் கையை விட்டாள். "வேற ஒண்ணுமில்ல."

"மச்சானுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. கெடந்துட்டுப் போகட்டும்."

"மாமிக்குத் தெரியும்ட்டி! என்னவிட நல்லாத் தெரியும். குறி இல்லாமலே வாசிச்சுருவாவ. ஊருல பாதிப் பொம்பளையளுக்குக் கடுதாசி வாசிச்சுக் குடுக்கது அவ்வொதான்."

மாமி வர ஒன்பது நாள் இருந்தது. மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். "சொன்னா, 'வாசி, கேப்போம்'னுவாரு. அவரைப் பெத்தவ குறட்டைய அவருக்கே வாசிச்சுக் காட்டவா?" என்றாள். தாய் என்றால் மச்சானுக்கு உயிர். கண்ணீர் வந்தால் மூன்று நாள் நிற்காது.

முதல் முயற்சியில், சட்டத்தில் தூசி படிந்திருக்கிறது, இறக்கித் துடைத்துத் தருகிறேன் என்றாள் லாத்தா. மச்சான் நெகிழ்ந்துபோய், "நீ சமையக்கட்டுக் கையோட தொடாத புள்ள" என்று சொல்லி, தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பன்னீரில் நனைத்த துணியால் துடைத்தார். உஸ்தாத் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பாரம்பரியம் ஒன்று எங்கள் கண்முன்னே பிறந்து தவழத் தொடங்கியிருந்தது.

வருகிறவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். உருது வாசிக்கத் தெரிந்த செம்பூர் கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது உருது இல்லை, பாரசீக பாஷை, பார்சி" என்றார். பார்சி கொஞ்சம் தெரிந்த பெல்ட் வியாபாரி, "பார்சி இல்லை, இது நூறு வருஷத்துக்கு முந்தின அரபி. இந்தப் புள்ளியெல்லாம் இப்ப யாரும் போடுறதில்ல" என்றார். நூறு வருடத்துக்கு முந்தைய தாளில் சிவப்பு மார்ஜின் கோடு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாத எழுத்து என்றால் அதைப் பழையதாக்கிவிடுவது மனிதருக்கு ஒரு சௌகரியம்.

இரண்டாம் முயற்சி என்னுடையது. அதே அளவில், அதே பச்சை வெல்வெட்டில், அச்சடித்த உண்மையான வசனம் ஒன்றைச் சட்டமிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிடுவது. அதே குர்லா கடைக்குப் போனேன்.

"இதே மாதிரி ஒண்ணு போன வாரம்தான் செஞ்சேன். இது அதவிட அழகில்லையே. அது கையால எழுதினது" என்றார் சட்டக்காரர்.

"இதுவும் வேணும். வியாழக்கிழமை."

"வெள்ளி."

"வியாழன்!"

"வெள்ளி காலைல வாங்க. சரிகை புதுசா வரணும்."

மாமியின் ரயில் வெள்ளி சாயந்திரம். போதும் என்று திரும்பினேன். ஆனால் மாமியோடு வரவேண்டிய உறவுக்காரர் ஒரு நாள் முந்திக் கிளம்பிவிட்டார், மாமியும் கூடவே. வியாழன் நான் ஆபீஸிலிருந்து வரும்போது கார்கானா வாசலில் ஒரு தகர டப்பா, இரண்டு மூட்டை, ஓலைப்பெட்டி. நடுவில் மாமி.

நெட்டையான ஆள். தடித்த கண்ணாடி. குரல் இருக்கிறதே, தெருக்கோடி இட்லிக்காரர் திரும்பிப் பார்க்கிற குரல்.

"ஏல, இதென்னல வாசல்ல பந்தல் கெட்டின மாதிரி தொங்குது?"

மச்சான் அந்தக் கேள்விக்காகத்தான் எட்டு நாள் காத்திருந்தார். "உம்மா! மேலேருந்து எறங்குச்சும்மா. ஒருத்தனுக்கும் வாசிக்க முடியல. நீங்கதான் வாசிக்கணும்." எல்லோரையும் கூவி அழைத்தார். தையல் மிஷின்கள் நின்றன. தொழிலாளிகளான காரிகர்கள் எழுந்தார்கள், சிலர் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உஸ்தாத் சட்டத்தை இறக்கி, துடைத்து, இரண்டு கையாலும் மாமியிடம் நீட்டினார்.

லாத்தா ஏணியின் பாதிப் படியில் நின்றாள். எங்கள் வீட்டில் எல்லா விபத்தும் அந்தப் பாதிப் படியில்தான் நடக்கும்.

மாமி வாசிக்கத் தொடங்கினார். வாய்விட்டு அல்ல, உதட்டால். உதடு அசைய அசைய உஸ்தாதின் உதடும் கூடவே அசைந்தது. இரண்டாம் வரியில் மாமியின் புருவம் ஏறியது. நான்காம் வரியில் மூக்கு விடைத்தது. அதுதான் குறட்டை என்று நினைத்தேன். பிறகு கடைசி வரிக்கு வந்தார். அங்கே வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டி, அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசித்தார்.

"என்ன எழுதிருக்கும்மா?" என்றார் மச்சான்.

மாமி நிமிர்ந்தார். மகனைப் பார்க்கவில்லை. ஏணியைப் பார்த்தார்.

"ஒரு புள்ள தன்னப் பெத்த உம்மாட்ட பேசுனாப்ல, ஒளிக்காம மறைக்காம மனசத் தொறந்து எழுதிருக்குல. வாசிச்சா நமக்குப் புத்தி வரும். எங்க கேட்டாலும் கெடைக்காது."

"ஆமீன்" என்றார்கள் காரிகர்கள், தமிழ் புரிந்தவரும் புரியாதவரும்.

"எடுத்த எடத்துலயே மாட்டு. நான் இருக்கந்தட்டியும் அது அங்கனதான் இருக்கணும்."

பொய் ஒரு சொல்லும் இல்லை. இதை நான் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். அன்று எனக்கு அது தூக்குமேடை நிரந்தரமாகிவிட்டது போலத்தான் இருந்தது. மறுநாள் வெள்ளி, குர்லாவிலிருந்து பச்சை வெல்வெட்டில் உண்மையான வசனம் வந்து, பரணில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

சனிக்கிழமை காலை சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒரு காகிதப் பையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தது. வலமிருந்து இடமாக. தலைப்பில் 786. லாத்தா வாசித்தாள். முகம் சிவந்தது, வெளுத்தது, திரும்பவும் சிவந்தது. நான் கெஞ்சிக் கேட்டதால் ஒரு வரியை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"மீன் துண்டை நான் எண்ணவில்லை. நீ வைத்ததே இரண்டு. இரண்டை எண்ண வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்."

அன்று சாயந்திரம் லாத்தா பதில் எழுதி அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். ஞாயிறு அதற்குப் பதில் வந்தது. அப்படித் தொடங்கியது. எட்டடிப் பரணில், முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். வாயால் பேசுவதெல்லாம் தேன். "மாமி, டீ சூடாத் தரட்டா?" "நீ மொதல்ல குடி மருமவளே." சண்டை முழுக்கத் தாளில். மச்சான் என்னிடம், "பாத்தியா புள்ள, அந்தச் சட்டம் வந்ததுலேருந்து வீட்டுல என்ன அமைதி!" என்று கண் கலங்கினார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. சினிமாக் கொட்டகைக்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்கிற பாடு. ஒன்றிரண்டு துண்டுகள் மட்டும் லாத்தா போடுவாள். சண்டைக்குச் சொல் போதாமல் அவர்கள் புதுச்சொல் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது. கடிதத்தில் பம்பாய் இந்தியோ இங்கிலீஷோ கலந்தால் மாமி அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாராம். அதனால் குக்கர் ஊதுசட்டி ஆயிற்று. டெலிபோன் காதுக்கம்பி ஆயிற்று. கார்கானாவில் தோலைப் போலவே இருந்து தோல் இல்லாத ரெக்சின் இருந்ததே, அதற்கு லாத்தா பொய்த்தோல் என்று பெயர் வைத்தாள். "நீங்க எங்கிட்டச் சிரிக்கது பொய்த்தோல்" என்று எழுதியபோது. மாமி அதற்குப் பதிலாக லோக்கல் ரயிலுக்கு நெருக்குப்பெட்டி என்று வைத்து, "உன் சமையக்கட்டும் அதே" என்றாராம்.

நான் இவற்றை மாட்டுங்காவில் ஹெட்கிளார்க்கிடம் கொண்டுபோனேன். அவருக்குத் தனித்தமிழில் சொல் உண்டாக்குவது பைத்தியம். மேசைக்குப் பலகைக்கால், சாவிக்குத் திறவுகோல். சாவி என்றால், "அது கப்பல்லே வந்ததும்மா, நம்மாத்துது இல்லே" என்று துடிப்பார். ஒரு தடித்த நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வைப்பார், ஆபீஸில் ஒருவரும் அதில் ஒன்றையும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

"பொய்த்தோல்..." என்று நாக்கில் வைத்துச் சுவைத்தார். "நன்னா இருக்கே! எந்தப் புலவர் போட்டது?"

"எங்க லாத்தா சார். சண்டைல."

"சண்டையிலயா?" பேனாவை மூடி வைத்தார். "எங்காத்துலே எல்லாரும் ஒத்துமையா இருக்கா. அதான் ஒரு சொல்லும் நிக்கலே போலிருக்கு."

ஒட்டுக்கேட்க ஆசைப்பட்டு எழுத்துக் கற்றவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று தெரியாது. நான் ஒருத்தி. லாத்தாவிடம் கேட்டால் சொல்லித்தர மாட்டாள். அவளுக்கு இருக்கிற ஒரே பூட்டு அது. ஆனால் கார்கானா வாசலில் ஒரு பாடப்புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளே எனக்குப் பல்லைக் கடித்துச் சொல்லியிருக்கிறாள். சொன்னது தெரியும், எழுத்து தெரியாது. ஒன்றை மற்றதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

தினமும் ஆபீஸ் போகும்போது ஐந்து நிமிடம், வரும்போது பத்து நிமிடம் சட்டத்தின் அடியில் நின்றேன். மாமி என்ற சொல் நாலு இடத்தில் வரவேண்டும்; ஒரே மாதிரி நாலு முடிச்சுகளைத் தேடிப் பிடித்தேன். ம கிடைத்தது. மீன் கிடைத்ததும் ன வந்தது. மிஷினில் இருந்த ஷ மூன்று புள்ளியோடு சிரித்தது. நான் முழுசாக, யாரும் சொல்லாமல், முதலில் வாசித்த சொல் குறட்டை. ற-வும் ட-வும் கூடுதல் புள்ளிகளோடு சேர்ந்து, பார்ப்பதற்கே மூக்கால் சத்தம் போடுகிற மாதிரி இருந்தது. வாசல் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"மாஷா அல்லாஹ், பச்சி கோ நூர் மில் கயா" என்றார் உஸ்தாத், ஒளி கிடைத்துவிட்டது இந்தப் பெண்ணுக்கு என்று. மச்சான் அன்று எனக்கு ஜிலேபி வாங்கிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் கடைசி வரிக்கு வந்தேன். அங்கே என் வித்தை நின்றுவிட்டது. லாத்தா சொன்ன எந்தத் திட்டும் அதன்மேல் உட்காரவில்லை. காய்ச்சல் இல்லை, பசை இல்லை, மீன் இருக்கிற மாதிரி இருந்து இல்லை. அவள் எனக்குச் சொல்லாத வரி. மாமி இரண்டு முறை வாசித்த வரி. முட்டுக்கொடுக்கத் தெரிந்த சொல் எதுவுமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக, நாலு நாள், குறிகள் இல்லாத இடத்தில் அ போட்டுப் பார்த்து, இ போட்டுப் பார்த்து, உதட்டை அப்படி இப்படிக் குவித்து நின்றேன். வியாழக்கிழமை சாயந்திரம் அது வாயைத் திறந்தது.

"ஆனா உம்மா, அவ்வொ செய்ற மாசிச் சம்பல் மாதிரி எனக்கு வரமாட்டேங்கு. அவ்வொகிட்டக் கேக்கவும் மானம் விடல."

மேலே ஏறினேன். தகர டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மாமி மாசிக் கருவாட்டைச் சின்ன இரும்புலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாவனையே இல்லை. முகம் சுவரைப் பார்த்திருந்தது. இடிக்கிற இடம் மட்டும், ஏதோ தற்செயல் போல, லாத்தா உட்கார்ந்திருந்த பக்கம் நகர்ந்திருந்தது. லாத்தா அரிசி பொறுக்குகிறவளைப் போல அரிசியைப் பார்க்காமல் மாமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய் எவ்வளவு, வெங்காயம் எப்போது, எலுமிச்சை கடைசியிலா நடுவிலா என்று ஒரு பேச்சும் இல்லை.

"என்னட்டி நிக்க?" என்றாள் லாத்தா.

"ஒண்ணுமில்ல. வாசன வந்துச்சு."

ஒரு மாதம் இரண்டரை மாதமாயிற்று. சண்டை முடியவில்லை என்பதுதான் காரணம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பதில் பாக்கி இருந்தது. கடைசியில் ஊரில் தென்னையைப் பார்க்க ஆளில்லை என்று மாமி கிளம்பினார். கிளம்பும் நாள் காலையில், காரிகர்கள் வருவதற்கு முன்னால், தானே ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினார். பின்னாலிருந்த ஆணியைப் பிடுங்கி, அட்டையை எடுத்து, தாளை உருவினார்.

"உம்மா, என்ன செய்தீய! கார்கானா பரக்கத்து!" என்று ஓடிவந்தார் மச்சான்.

"இது போக வேண்டிய எடத்துக்குப் போகலல. ரெண்டரை மாசமாத் தொங்குது பாவம்" என்றார் மாமி. தரையில் உட்கார்ந்து, கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த அரை விரல் இடத்தில், பொடி எழுத்தில், இரண்டு வரி எழுதினார்; மீன் என்ற சொல் மட்டும் என் கண்ணில் பட்டது. மடித்தார். என்னிடம் நீட்டினார்.

"வெலாசம் போடுட்டி."

மச்சான் உறையின் மேல் நான் எழுதிய எங்கள் உம்மாவின் பெயரைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். லாத்தாவைப் பார்த்தார். லாத்தா பாதிப் படியில் நின்றாள். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். எவ்வளவு விளங்கியது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நான் மேலே ஓடிப்போய் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்த சட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதே அளவு, அதே பச்சை. அச்சடித்த வசனம், எல்லோருக்கும் வாசிக்க வருவது. மச்சான் அதை மாட்டினார். உஸ்தாத் வந்து பார்த்துவிட்டு, இதுவும் நல்லதுதான், ஆனால் அதில் கை தெரிந்தது என்று இந்தியில் முணுமுணுத்தார்.

என் பாடப்புத்தகம் தபாலில் போய்விட்டது. அதற்குள் அதை என் நோட்டில் வரிவரியாகப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். வலமிருந்து இடமாக நான் எழுதிய முதல் பக்கம். ஆராய்ச்சி மாணவி சென்ற ஆண்டு படமெடுத்தது அதைத்தான். கையுறையைக் கழற்றாமலே சிரித்தாள்.

உம்மாவின் பதில் பத்து நாளில் வந்தது. லாத்தா பிரித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. அவள் வாசித்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாளோ என்று பயந்தேன்.

"உம்மா என்ன எழுதிருக்கா?"

தாளை என் மடியில் போட்டாள். "எத்தன நாளா அந்த வாசல்ல நின்ன! எனக்குத் தெரியாதா? நீயே வாசி."

வாசித்தேன். உம்மா குறி ஒன்றையும் விடாமல் போட்டிருந்தாள், புதிதாகக் கற்றவளுக்கென்றே எழுதியது போல.

"இனி மூணு துண்டு வை."